சைக்கிள் ரியூப்பும் ஆட்டின் இரத்தக்குழாயும்

3 பெப். 93, புதன்

பனி. விடிந்த பிறகும் வேலிக்கு அங்கால் ஒன்றும் தெரியவில்லை. கிணற்றுத் தண்ணீர் மட்டும் இளஞ்சூடு.

இவரை மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கொண்டு போனேன். சைக்கிள் கரியரில் இவர், மிதித்தது நான். பௌதிக மாஸ்டரைப் பெண்சாதி ஏற்றிக்கொண்டு போகிறாள் என்று சந்தியில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். இவருக்குத்தான் வெட்கம், முகத்தை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

டொக்டர் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்தார். வலதில் துடிப்பு நன்றாக உண்டு. இடதில் தேடித்தான் பிடித்தார். செருப்பு வார் வெட்டிய புண் ஒருவாறு ஆறிவிட்டது. ஒரு நகத்தளவு புண், ஆற மாரிகாலம் முழுக்க எடுத்தது.

"உது ஆறினது உங்கடை அதிர்ஷ்டம், மாஸ்டர். இன்னொண்டு வந்தால் விரலோடை நிக்காது. காலைத்தான் கேக்கும்."

கொழும்புக்குப் போய் அடைபட்ட இரத்தக்குழாயைத் திருத்துவது இப்போதைய நிலைமையில் நடக்கிற காரியமில்லை. இருக்கிற ஒரே மருந்து நடை. நோகும் வரை நடக்க, நிற்க, நோ அடங்கியதும் திரும்ப நடக்க. ஒவ்வொரு நாளும். சுருட்டைப் பொங்கலோடு விட்டது நல்லதாம். திரும்பத் தொட்டால் தன்னிடம் வர வேண்டாமாம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சாய்மனைக் கதிரையில்.

"நோகுது எண்டால் என்ன அர்த்தம்? நடக்காதை எண்டு கால் சொல்லுது. காலின்ரை சொல்லைக் கேக்கிறதோ, டொக்டரின்ரை சொல்லைக் கேக்கிறதோ?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கோபம். கோபத்துக்கு அடியில் பயம்.

வாங்க: உப்பு, நெருப்புப்பெட்டி, கிராம்பு (சுருட்டுக்குப் பதில் வாயில் போட).

5 பெப். வெள்ளி

விரதம். மருத்துவ பீடத்தில் விரிவுரை ஒன்று, பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. பொம்மர் விமானம் சுற்றியதால் பிந்தித் தொடங்கினோம்.

சிநேகிதி கொழும்பிலிருந்து அனுப்பிய ஆய்வுக் கட்டுரைப் பிரதிகள் கிளாலிக் கடலால் படகில் வந்து சேர்ந்தன. கடல்நீர் பட்டு ஓரம் மடங்கியிருக்கிறது. வெயிலில் காய வைத்துக் கல் வைத்தேன். ஐந்தாறு வருடமாக உலகம் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது, எனக்கு இப்போதுதான் கைக்கு வருகிறது. பொறாமையாக இருந்தது. பிறகு வாசிக்க வாசிக்க மறந்துவிட்டது.

பின்னேரம் இவருக்கு விளங்கப்படுத்தினேன். இரத்தக்குழாயின் உட்புறம் ஒற்றை வரிசைக் கலங்கள், அகவணி என்று பாடத்தில் சொல்வது. முந்தி நாங்கள் அதை வெறும் உட்பூச்சு என்றுதான் படித்தோம். இப்போது பார்த்தால் அது இரத்தத்தின் ஓட்டத்தை உணருகிறது. இரத்தம் வேகமாக உரசிக்கொண்டு போனால் ஒரு வாயுவை விடுகிறது. வாயு சில நொடிதான் இருக்கும். அதற்குள் பக்கத்துத் தசைக்குப் போய் "தளரு" என்று சொல்லிவிடும். குழாய் அகலும். அதனால்தான் நடக்கச் சொல்வது. நடந்தால் ஓட்டம், ஓட்டம் இருந்தால் வாயு, வாயு இருந்தால் வழி.

"என்ன வாயு?"

"நைத்திரிக் ஒட்சைட்டு."

சிரிக்கத் தொடங்கினார். "அது வாகனப் புகையிலை இருக்கிற நஞ்சல்லோ! வாகனமே ஓடாத ஊரிலை என்ரை காலுக்குள்ளை மட்டும் லொறி ஓடுதோ?"

"கொஞ்சமாய் இருந்தால் நஞ்சில்லை."

"இஞ்சரும். இருபத்தைஞ்சு வரியமாய் நான் பிள்ளையளுக்குச் சொல்லுறது ஒண்டுதான். கடுதாசியிலை இருக்கு எண்டு சொல்லாதை, மேசையிலை காட்டு. காட்டும். பாத்திட்டு நடக்கிறன்."

சரி. காட்டுகிறேன்.

8 பெப். திங்கள்

ஆய்வுகூடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பதிவு உருளை மின்சாரம் போன நாளிலிருந்து தூங்குகிறது. பம்பும் அப்படியே. ஆனால் சேலைன் போத்தலை உயரத்தில் கட்டினால் தண்ணீர் தானே ஓடும், அதற்கு ஒருவரின் மின்சாரமும் வேண்டாம்.

இருப்பவை: உப்புகள் போதும். அதிரினலின் சில ஊசிக்குப்பிகள் (திகதி முடிந்தவை, ஆனாலும் வேலை செய்யும்). அசற்றைல்கோலின் ஒரு சிறு போத்தல். அலுமினியச் சட்டி, வெப்பமானி, மண்ணெண்ணெய் அடுப்பு. இரத்தக்குழாய்க்குச் சந்தை இறைச்சிக் கடையில் ஆட்டினது சொல்லி வைத்திருக்கிறேன்.

இல்லாதவை: குழாயின் அகலத்தை அளக்க ஒன்று. கரைசலுக்குள் காற்று விட ஒன்று.

அளப்பதற்கு இவரின் பாடசாலையில், வேணியர் அளவுகோல் பூட்டிய நகரும் நுணுக்குக்காட்டி இருக்கிறது. மயிர்த்துளைக் குழாய்களை அளக்கிற அதே சாமான். கேட்டேன். அதிபரிடம் தான் வாங்கித் தருவாராம், ஆனால்,

"வாசிக்கிறது நான். நீர் வேணியரை வாசிச்சால் உமக்கு விருப்பமான எண்ணைத்தான் வாசிப்பீர்."

அவமானமாக இருந்தாலும் உள்ளுக்குள் சந்தோசம். வாசிப்பதென்றால் வர வேண்டும்.

காற்றுக்குத் துரைசிங்கம் அண்ணை வழி சொன்னார். ஆய்வுகூட உதவியாளர், பீடம் தொடங்கிய நாள் முதல் இருக்கிறார். "சைக்கிள் ரியூப்பை ஊதிப்போட்டு வாயிலை ஒரு சேலைன் வயர்க் குழாயைக் கட்டினால், மிஸ், மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருக்கும்." புது ரியூப் யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைக்கப் போகிறது? என் சைக்கிளின் பின் சில்லைக் கழற்றி ரியூப்பை எடுத்தோம்.

இவருக்குச் சொன்னேன். "அப்ப நான் எப்பிடி வாறது?"

"நடந்துதான்."

சத்தியமாக அதை யோசித்து ரியூப்பைக் கழற்றவில்லை. பாதி யோசித்திருக்கலாம்.

9 பெப். செவ்வாய்

நல்ல வெயில். முதல் நடை.

ஒழுங்கையால் போனால் பீடம் தூரமில்லை, நல்ல காலுக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம். இவருக்கு மூன்று தரிப்பு. கம்பி அறுந்த மின்கம்பத்தடி. வெங்காயத் தோட்டத்து மதகு. பிறகு பீடத்து மதில். மதகில் இருந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது. நான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது.

"ஆட்டுக்குழாய் பாக்க மனுசன் படுற பாடு!"

குழாயை யேசு காலையே கொண்டு வந்து தந்திருந்தான். சந்தை இறைச்சிக் கடைக்காரன், சொன்ன சொல் தவறாதவன். தொடைக்குழாய், நீளமாக, வெள்ளைவெளேரென்று. பொருத்தினோம். அதிரினலின் விட்டதும் நன்றாகச் சுருங்கியது. இவர் ஒரு கண்ணை மூடி வாசித்தார். போத்தலை உயர்த்தினோம். ஓட்டம் கூடியது.

ஒன்றுமில்லை.

இன்னும் உயர்த்தினோம். ஒன்றுமில்லை. அசற்றைல்கோலின் விட்டேன், தளர வேண்டியது. மாறாக இன்னும் சுருங்கியது.

"நல்ல வாயு," என்றார்.

திரும்பி வரும்போது மதகில் இருந்த நேரம் காலையை விடக் கூட. வீட்டுக்கு வந்து கதிரையில் படுத்து, "பாத்தாச்சு. இனி ஆக்கினைப்படுத்தாதையும்."

அழுகை வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே முடித்தேன்.

10 பெப். புதன்

காலை சந்தை. யேசு பெருமையாகக் கேட்டான்.

"எப்பிடி டொக்டரம்மா சாமான்? உள்ளுக்கு இரத்தக் கட்டி இருந்தது. ஈர்க்கிலை துணி சுத்தி உள்ளுக்கை விட்டு நாலுதரம் இழுத்து, வடிவாத் துப்புரவாக்கித் தந்தனான். உங்களுக்கெண்டபடியால்தான்."

நின்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அகவணி முழுவதையும் ஈர்க்கில் சுற்றி எடுத்துவிட்டான், பாவம், அன்பு மிகுதியில். வாயுவை விட வேண்டிய கலங்கள் சந்தை வாய்க்காலோடு போய்விட்டன. நாங்கள் அளந்தது வெறும் தோலை.

முந்தி சந்தையில் முஸ்லிம் நானாவின் இறைச்சிக் கடை இருந்தபோது இந்தக் கவலை இருக்கவில்லை. வருடக்கணக்காகப் பீடத்துக்குத் தந்து பழகியவர், நரம்பு குழாய் எதையும் தொடாமல் வாழையிலையில் சுற்றித் தருவார். தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்ன பிறகு அந்தக் கடை பூட்டியே கிடக்கிறது. இப்போது எங்கே இருக்கிறாரோ. புத்தளம் பக்கம் என்று யாரோ சொன்னார்கள். அவரிடம் விடைபெறக்கூட இல்லை. நினைத்தால் மனம் கூசுகிறது.

யேசுவுக்குச் சொன்னேன்: கழுவ வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே.

"ஊத்தையோடையோ?" முகம் வாடிவிட்டது.

ஆனால் பிழை என்னுடையதும்தான். அகவணி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அகவணி இருந்தால்தான் அசற்றைல்கோலினுக்குக் குழாய் தளரும்; அதைப் போய்க் கடைசியில் விட்டேன். அவசரம். இவரைத் தோற்கடிக்கிற அவசரம்.

இவரிடம் ஈர்க்குக் கதையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, "அப்ப உது பரிசோதனையே இல்லை. திருப்பிச் செய்யவேணும்."

"வருவீங்களோ?"

"பிழையான பரிசோதனையை நம்பி முடிவெடுக்கச் சொல்லுறீரோ?"

15 பெப். திங்கள்

நேற்று மழைத்தூறல், இன்று புழுதி இல்லை. மூன்று தரிப்பு.

குழாய் ஊத்தையோடு வந்தது. அதிரினலினில் சுருக்கி, முதலில் அசற்றைல்கோலின்: தளர்ந்தது! துரை அண்ணை கைதட்டினார். கழுவி, திரும்ப அதிரினலின், சுருக்கம், போத்தலை உயர்த்தினோம். இவர் வேணியரில் கண் வைத்தபடி, "ஓம்... ஓம்... அகலுது."

நான் குதிக்காத குறை.

கண்ணை எடுத்தார். "கொஞ்சம் பொறும். போத்தலை உயத்தினால் ஓட்டம் மட்டுமோ கூடினது? அமுக்கமும் கூடினதல்லோ? அமுக்கம் கூடினால் எந்தக் குழாயும் ஊதும். உம்மடை சைக்கிள் ரியூப்பும் ஊதும், அதுக்கென்ன அகவணியோ இருக்கு?"

துரை அண்ணை என்னைப் பார்த்தார். நான் துரை அண்ணையைப் பார்த்தேன்.

சரியாகத்தான் சொல்கிறார். எரிச்சலாக இருக்கிறது, ஆனால் சரி. கட்டுரைக்காரர்களும் இதற்குத்தான் மினக்கெட்டிருக்கிறார்கள், நான் அந்தப் பந்தியை ஓடி வாசித்திருந்தேன்.

திரும்பும் வழியில் மதகில் இருந்துகொண்டு மண்ணில் குச்சியால் கீறினார். மேல் போத்தலை எவ்வளவு உயர்த்துகிறோமோ, கீழே தண்ணீர் விழுகிற வாயை அவ்வளவு பதிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நீள வயர், ஒரே தடை. அப்போது நடுவில் இருக்கிற குழாயில் அமுக்கம் மாறாது, ஓட்டம் மட்டும் கூடும்.

"விளங்குதோ?"

விளங்கியது. அதைவிட, அந்த முகம். வகுப்பில் நிற்கிற முகம், இந்த வருடத்தில் முதல் தடவை.

16 – 20 பெப்.

சேர்த்து எழுதுகிறேன். இவர் ஒவ்வொரு நாளும் வந்தார். வயர் வெட்டினார், தாங்கி கட்டினார், துரை அண்ணையோடு சண்டை பிடித்தார். பிளேன்ரீ, கடித்துக்கொள்ளப் பனங்கட்டி. ஒரு நாள் மண்ணெண்ணெய் இல்லை, விறகு வைத்துச் சட்டியைச் சூடாக்கப் போய் அறை முழுக்கப் புகை. ஒரு நாள் ஹெலிகொப்டர் சுட்டுக்கொண்டு திரிந்தது, மேசைக்கடியில் மூன்று பேரும். மேசைக்கடியிலும் இவர், "வெப்பநிலை குறையப்போகுது."

வியாழன், மின்கம்பத்தடியில் நிற்கவில்லை. இரண்டு தரிப்புத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுவார்.

23 பெப். செவ்வாய்

இவருக்குத் தடிமன், காய்ச்சல் மாதிரி. மல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தனியே போனேன். யேசு குழாயைக் கொண்டு வந்துவிட்டான். எறிய மனம் வரவில்லை. நானும் துரை அண்ணையும் செய்தோம்.

சரி வந்தது.

மேல் போத்தல் மேலே, கீழ் வாய் கீழே, அமுக்கம் அசையவில்லை. ஓட்டம் மட்டும். குழாய் மெல்ல, ஒரு மனிதர் மூச்சு விட்டுத் தோளைத் தளர்த்துவது போல, அகன்றது. ஓட்டத்தைக் குறைத்தால் பழையபடி. கூட்டினால் திரும்ப. கடைசியில் யேசுவின் வழியையே எடுத்தேன்: ஈர்க்கில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்தேன். பிறகு எவ்வளவு ஓட்டம் விட்டும் அசையவில்லை. மூன்று தரம் வாசித்தேன், எனக்கு விருப்பமான எண்ணை அல்ல, இருந்த எண்ணை.

துரை அண்ணை, "மிஸ், மாஸ்டருக்கு ஓடிப்போய்ச் சொல்லுங்கோ."

ஓடத்தான் வெளிக்கிட்டேன். மதகடியில் வந்ததும் கால் தானாக நின்றது.

பார்த்திட்டு நடக்கிறேன் என்றார். ஆனால் இந்த மனிதரை எனக்குத் தெரியும். பார்த்தால் "சரி, நீர் சொன்னது சரி" என்பார், கதிரையில் படுப்பார். நிறுவி முடித்த தேற்றத்தை அவர் இரண்டாம் தரம் தொடமாட்டார். முடியாத கணக்கு என்றால்தான் எழும்பி வருவார்.

படலையைத் திறந்தபோது கட்டிலில் இருந்தே, "என்ன மாதிரி?"

"சரி வரேல்லை. எனக்கு வேணியர் வாசிக்கத் தெரியேல்லை."

"நான் சொன்னனான்தானே." எவ்வளவு திருப்தி அந்தக் குரலில்.

என் வாழ்நாளின் நல்ல முடிவு ஒன்று இன்றைக்குத்தான் கிடைத்தது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் சொல்லவில்லை.

26 பெப். வெள்ளி

இவருக்குச் சுகம். நேற்றும் இன்றும் வந்தார். நேற்று "அதிரினலின் குப்பி தேட வேண்டும்" என்று சாட்டுச் சொல்லிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டேன். இன்று வெள்ளி, இறைச்சிக் கடை பூட்டு, எனக்கும் விரதம். "கடை பூட்டெண்டு தெரிஞ்சும் ஏன் வெளிக்கிட்டனாங்கள்?" என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. பிளேன்ரீ குடித்துவிட்டு, தாங்கியின் ஆணியை முறுக்கிவிட்டு, திரும்பி நடந்தார். துரை அண்ணையும் இவரும் வாசலில் ஏதோ கதைத்துச் சிரித்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு வெங்காய விலைக்கு மாறியது.

இரண்டு தரிப்பு. மதகு இன்னும் மதகுதான். அதைத் தாண்ட முடியவில்லை.

1 மார்ச், திங்கள்

பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அலுப்பு. அதிரினலினும் முடியப் போகிறது. எத்தனை நாளைக்கு?

இவர் குளிக்கும்போது பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், எண்ணெய் பூசுகிற சாட்டில். இடது இன்னும் குளிர்தான். துடிப்பு... தேடினேன். இருக்கிறது. முந்தியும் இருந்ததுதான். கூடியிருக்கிறதா? எனக்கு விருப்பமான எண்ணை வாசிக்கிறேனா? தெரியவில்லை.

4 மார்ச், வியாழன்

பனி விட்டுவிட்டது. காலையிலேயே வெயில் சுடுகிறது.

இனிச் சாட்டு இல்லை. செய்தோம். இவர் வேணியரில், துரை அண்ணை போத்தலில், நான் கீழ் வாயில். அமுக்கம் அசையவில்லை. ஓட்டம் கூடியது. இவர் எண்களைச் சொல்லத் தொடங்கினார், மெதுவாக, ஒவ்வொன்றும் முந்தியதிலும் கூட. ஈர்க்கை இவரே விட்டு இழுத்தார். திரும்ப ஓட்டம். அசைவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம். ஒற்றை வரிசைக் கலம். என்ன வேலை செய்யுது!"

அவ்வளவுதான். முடிந்தது, இனிக் கதிரைதான் என்று நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இவர் தொடங்கினார். "ஒண்டு விளங்கேல்லை. ஓட்டம் கூடினது எண்டு அந்தக் கலத்துக்கு ஆர் சொல்லுறது?"

"அது ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது இன்னும்."

"உராய்வாய்த்தான் இருக்கும். தண்ணி சுவரை இழுக்குதல்லோ."

"அப்பிடித்தான் நினைக்கினம்."

"நினைக்கிறது காணாது. பாகுநிலையை மாத்திப் பாக்கலாம். ஓட்டத்தை மாத்தாமல், கரைசலைத் தடிப்பாக்கினால் உராய்வு மட்டும் கூடும். அப்பவும் அகண்டால் உராய்வுதான். என்னத்தைக் கலக்கலாம்? கலத்துக்குக் கேடு செய்யாத சாமான் வேணும்..."

கைகளை ஆட்டிக் கதைத்துக்கொண்டே போனார். எனக்குப் பாதிதான் கேட்டது. மதகு எங்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர்கூட நிமிர்ந்து பார்த்தார், வழக்கமாக இருக்கிற மாஸ்டர் இருக்காமல் போகிறாரே என்று. மின்கம்பத்தடியில்தான் நின்றார், காலைப் பிடித்துக்கொண்டு, நோவோடு. நின்றும் கதை நிற்கவில்லை.

படலையடியில் என் பக்கம் திரும்பினார்.

"போன கிழமை செவ்வாயே சரி வந்திட்டுதாமே. நான் காய்ச்சலாய்க் கிடந்த அண்டைக்கு. துரையர் அடுத்த கிழமைவரை வைச்சிருக்கிற ஆளே? போன வியாழனே சொல்லிப்போட்டார்."

"தெரிஞ்சுகொண்டே ஏன் வந்தனீங்கள்?"

"நீர் ஏன் சொல்லேல்லை?"

இவர் படலையைத் திறந்தார். முற்றத்தில் என் சைக்கிள் பின் சில்லு வெறும் ரிம்மாகச் சுவரில் சாய்ந்து நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ரியூப்பைத் திருப்பிக் கொண்டந்து உதுக்குப் போட்டிடாதையும்," என்றார்.